வரைபடத்திடம் கேள்வி கேட்கலாம்



சென்ற ஆண்டு ஐப்பசியில் பிறந்த ஊரான கம்பம்மெட்டுக்குப் போயிருந்தேன். தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் மலைச்சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். என் தந்தையார் ஏலத்தோட்டக் கணக்குப்பிள்ளையாக மலையேறியவர். நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து வடக்கே போய்விட்டேன். தம்பி மட்டும் ஊரோடு தங்கி, கொஞ்சம் ஏலக்காடும் ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரும் வைத்துக் காலம் தள்ளி வருகிறான்.

நான் போன அன்று தம்பி வீட்டில் ஒரே உற்சாகம். அவன் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஸ்டோர் அறையைக் கணிப்பொறியில் வரைந்து, உள்ளே சூடான காற்று எப்படி ஓடுகிறது என்று ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்திருந்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணப் படம் அழகாக வந்திருந்தது.

"அண்ணே, பையன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டான். இப்ப இருக்கறதுல பாதி அளவு ஃபேனே போதுமாம். பேங்குல லோனுக்குச் சொல்லிட்டேன். பழசை வித்துட்டுப் புதுசு மாட்டிரலாம்னு இருக்கேன்" என்றான் தம்பி.

படத்தைப் பார்த்தேன். குறை ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனால் நாற்பது ஆண்டு வரைபடங்களோடு வாழ்ந்தவனுக்கு, கண்ணுக்குக் குறை தெரியாத படத்தைப் பார்த்தால்தான் பயம். பையனைக் கேட்டேன்: "தம்பி, அறைக்குள்ளே மொத்தம் எவ்வளவு காற்று இருக்குன்னு இந்தப் படத்துக்கிட்டயே கேட்டியா?"

அவன் சிரித்துவிட்டான். "படத்துக்கிட்டயா? படம் எப்படிப் பெரியப்பா பதில் சொல்லும்?"

சொல்லும் என்பதுதான் இக்கட்டுரை. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வாழும் நம் குடும்பங்களில் பொறியியலும் கணிப்பொறியும் படிக்கிற பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. அவர்களுக்கும், அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் இது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

அளவுகோல் வைக்காதே

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1980களின் பிற்பகுதி. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். சாதாரண வண்டியின் எல்லைக்குள் அடங்காத பெரிய சரக்கு ஒன்று எங்கள் பகுதி வழியாகப் போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சரக்கு வந்தால் வழியிலுள்ள பாலம், நடைமேடைக் கூரை, சிக்னல் கம்பம் ஒவ்வொன்றும் அதற்கு இடம் கொடுக்குமா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும்.

வளைவான பாதையில் இது இன்னும் கடினம். நீண்ட வண்டியின் நடுப்பகுதி வளைவின் உட்பக்கமாகப் பிதுங்கும். இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே 14.8 மீட்டர், வளைவின் ஆரம் 175 மீட்டர் என்றால், 14.8ஐ 14.8ஆல் பெருக்கி, 175இன் எட்டு மடங்கான 1,400ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 15.6 சென்டிமீட்டர். நேர்ப்பாதையில் தட்டாத வண்டி வளைவில் தட்டுவது இதனால்தான்.

இந்தக் கணக்கையெல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஆனால் கூரை விளிம்புக்கும் தண்டவாள மையத்துக்கும் உள்ள தூரம் வரைபடத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. அவசரத்தில் அமோனியா பிரிண்டின் மேல் அளவுகோலை வைத்து அளந்துவிட்டேன். ஒன்றுக்கு நூறு என்ற அளவில் வரைந்த படம் அது. கண்ணும் தாளும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தரையில் பத்து சென்டிமீட்டர் பிசகும். போதாததற்கு, அந்தக் கூரையில் பிறகு ஒரு மழைநீர்த் தகரக் குழாய் பொருத்தியிருந்தார்கள். அது படத்தில் ஏறவே இல்லை.

வண்டி நடைவேகத்தில்தான் வந்தது. இருந்தும் சரக்கின் மூலை தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அரை நிமிடம் முன்பு வரை அந்த இடத்தில் ஒரு கலாசி நின்றிருந்தார். தண்ணீர் குடிக்க நகர்ந்ததால் தப்பினார். அவர் முகம் இன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது. படத்தின் மூலையில் வழக்கமான எச்சரிக்கை தெளிவாகவே இருந்தது: "அளவுகோல் வைத்து அளக்காதே, எழுதிய அளவையே கொள்க."

அன்று கற்ற பாடங்கள் இரண்டு. படத்தைப் பார்த்து அளவை ஊகிக்கக் கூடாது. படத்தில் இல்லாத பொருள் உலகத்திலும் இல்லை என்று நினைக்கக் கூடாது. முதல் பாடத்துக்குக் கணிப்பொறி மருந்து கண்டுபிடித்துவிட்டது. இரண்டாவதற்கு இன்றுவரை மருந்தில்லை.

கணிப்பொறி வரைபடத்துக்குள் என்ன இருக்கிறது?

கணிப்பொறி கொண்டு வடிவமைப்பதை ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துக் "கேட்" என்கிறார்கள். நான் முதலில் கேள்விப்பட்டபோது எங்கள் லெவல் கிராசிங் கேட் என்றே நினைத்தேன். இந்தக் கேட் மாதிரி ஓர் ஓவியம் அல்ல. திரையில் தெரிவது அதன் நிழல் மட்டுமே. உள்ளே இருப்பது எண்களால் ஆன விவரம்.

ஒரு பொருளின் வடிவத்தை விவரிக்க முக்கியமான வழிகள் இரண்டு. முதல் வழி கூட்டிக் கழிப்பது. உளுந்து வடை என்றால், ஒரு தட்டையான உருளையிலிருந்து நடுவே ஒரு சிறிய உருளையைக் கழி என்று சொல்லிவிடலாம். பெட்டி, உருளை, கோளம் ஆகியவற்றைக் கூட்டியும் கழித்தும் பெரிய இயந்திரத்தையே சொல்லிவிட முடியும்.

இரண்டாவது வழி தோலைச் சொல்வது. பொருளைச் சுற்றியுள்ள பரப்புகள், பரப்புகள் சந்திக்கும் விளிம்புகள், விளிம்புகள் சந்திக்கும் முனைகள், எந்தப் பரப்புக்கு எது அண்டை வீடு, எந்தப் பக்கம் உள், எந்தப் பக்கம் வெளி என்று எழுதி வைப்பது. இன்றைய தொழிற்கூடங்களின் கேட் மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. ஒரு நிறுவனத்தின் படத்தை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் படிக்க வேண்டுமே என்பதற்காக "ஸ்டெப்" என்ற பொதுக் கோப்பு முறையை 1994இல் உலகத் தரமாக வெளியிட்டார்கள். அதன் எண் ஐ.எஸ்.ஓ. 10303.

நிரல் நூலகம் என்றால்?

நூலகம் என்றதும் புத்தக அலமாரி நினைவுக்கு வரும். கணிப்பொறியாளர்களுக்கு லைப்ரரி என்பது, பிறர் எழுதிச் சரிபார்த்து வைத்த நிரல்களின் தொகுப்பு. சமையலுக்கு மசாலாவை நாமே அரைக்காமல், பக்குவமாக அரைத்து வைத்ததை எடுத்துக்கொள்வது போல. வளைந்த இரு பரப்புகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்ற கணக்கை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை.

இத்துறையில் பெயர் பெற்றது "ஓப்பன் காஸ்கேட்". பிரெஞ்சு நிறுவனம் ஒன்று தன் வணிகத்துக்காக உருவாக்கிய இந்த நூலகம் 1999இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. "ஃப்ரீகேட்" என்ற இலவச வரைபட மென்பொருள் இதன் மேல்தான் நிற்கிறது. பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதியே இதை இயக்கலாம். ஓய்வு பெற்றபின் என் மகள் எனக்குப் பைத்தான் கற்றுக்கொடுத்தாள். அறுபது வயதுக்கு மேல் எனக்கு வந்தது என்றால், யாருக்கும் வரும்.

இனி, மாதிரியிடம் என்னென்ன கேட்கலாம் என்று பார்ப்போம். உன் கன அளவு எவ்வளவு? பரப்பளவு எவ்வளவு? புவியீர்ப்பு மையம் எங்கே? இந்த இரண்டு பாகங்களுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் எவ்வளவு? இந்தப் புள்ளி உனக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இந்தப் புள்ளியிலிருந்து இந்தத் திசையில் நேராகப் போனால் உன் எல்லை எத்தனை மீட்டரில் வரும்? இவை அனைத்துக்கும் எண்ணாகவே பதில் வரும். என் காலத்தில் இப்படியொரு வசதி இருந்திருந்தால் கூரைக்கும் சரக்குக்கும் உள்ள இடைவெளியை ஒரே வரியில் கேட்டிருப்பேன்.

உள்ளா வெளியா என்பதைக் கணிப்பொறி கண்டறியும் முறை வேடிக்கையானது. கண்ணைக் கட்டி உங்களை ஓர் ஏலக்காட்டுப் பகுதியில் விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு உள்ளே இருக்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா? ஒரே திசையில் நேராக நடந்துகொண்டே இருங்கள். தாண்டிய வேலிகளை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் புறப்பட்டது உள்ளே. இரட்டைப்படை என்றால் வெளியே. வேலி எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் இது பொய்க்காது. வேலி அறுந்திராமல் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இயற்பியல் கணக்குக்கு இது எதற்கு?

ஒரு நுண்துகள் இரும்புக்குள்ளோ பாறைக்குள்ளோ ஓடுவதைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து எழுதிய "ஜியான்ட்-4" என்ற நூலகம் இதற்கென்றே உள்ளது. 1998இல் அதன் முதல் பதிப்பு வந்தது. துகள் ஒவ்வொரு அடி வைக்கும் முன்பும் அந்த நிரல் இரண்டு கேள்விகள் கேட்கிறது. இந்தப் பொருளுக்குள் அடுத்த மோதல் எத்தனை தூரத்தில் நிகழலாம் என்பது இயற்பியலிடம் கேட்கும் கேள்வி. இந்தப் பொருளின் எல்லை எத்தனை தூரத்தில் வருகிறது என்பது வடிவத்திடம் கேட்கும் கேள்வி. எது முதலில் வருகிறதோ அதுவரை துகள் நகரும். பிறகு மீண்டும் அதே இரண்டு கேள்விகள்.

எங்கள் ரயில் ஓட்டுநரும் இப்படித்தான். அடுத்த சிக்னல் முதலில் வருகிறதா, அடுத்த வேகக் கட்டுப்பாட்டுப் பலகை முதலில் வருகிறதா என்று பார்த்தே வண்டியைச் செலுத்துவார். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கோடிக்கணக்கான துகள்கள். ஒவ்வொன்றுக்கும் பல நூறு அடிகள். கேள்விக்குப் பதில் தாமதமானால் கணக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

தாமதத்தைக் குறைக்க ஒரு தந்திரம் உண்டு. கம்பத்துக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் நாடு முழுவதும் வீடு வீடாகத் தேடுவதில்லை. தமிழ்நாடு, தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டம், கம்பம், பிறகு தெரு என்று சுருக்கிக்கொண்டே போகிறார். அதுபோல, பரப்புகளையெல்லாம் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைத்துவிட்டால், நம் திசைக்கோடு தொடாத பெரிய பெட்டிகளைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான "டாக்-எம்.சி." என்ற நூலகம் கேட் மாதிரிகளை இப்படித்தான் வேகமாக விசாரிக்கிறது. ஐ.டெர் என்ற பன்னாட்டு அணு இணைவு உலை போன்றவற்றின் நியூட்ரான் கணக்குகளுக்கு இம்முறை பயன்பட்டுள்ளது. பிரான்சில் எழுந்துவரும் அந்த உலையில் இந்தியாவும் 2005 முதல் பங்காளி. அதைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 29 மீட்டர் உயரமுள்ள பிரம்மாண்ட எஃகுக் கலத்தின் பகுதிகள் குஜராத்தின் ஹஜீராவில் செய்யப்பட்டவை.

எங்கள் மலைக்கு வடக்கே ஒரு மலை

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கம்பம்மெட்டிலிருந்து மலைத்தொடரோடு வடக்கே போனால் தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம் வரும். அங்குள்ள போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்தை வாசகர்கள் பலரும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். முதலில் நீலகிரியில் சிங்காராவில் பார்த்து, புலிகள் காப்பகத்தை ஒட்டியிருப்பதால் 2009இல் அனுமதி கிடைக்காமல், இங்கே வந்த திட்டம் அது.

எதற்காக மலைக்குள்? வானிலிருந்து மியூவான் என்ற துகள்கள் நம் மேல் ஓயாமல் பொழிகின்றன. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று. இக்கட்டுரையைப் பிடித்திருக்கும் உங்கள் உள்ளங்கை வழியே ஒவ்வொரு வினாடியும் ஒன்றாவது போய்க்கொண்டிருக்கிறது. இந்த இரைச்சலில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் காதில் விழாது. மியூவான் பாறையில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் கடந்தால் ஒரு கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இழக்கும். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மிகப் பெரும்பாலானவை நின்றுபோகும். பத்து லட்சத்தில் ஒன்று அளவே வந்து சேரும். தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. நம்மவர்கள் பலர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965இல், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் முதன்முதலாகத் தடம் காட்டின.

எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் என்பது எப்படித் தெரியும்? மலை செங்குத்தான பெட்டி அல்லவே. ஒரு பக்கம் கம்பம் பள்ளத்தாக்காகச் சரிகிறது. மறுபக்கம் கேரளத்து மேட்டுநிலமாக நீள்கிறது. இங்கேதான் நாம் மேலே பார்த்த கேள்வி வருகிறது. உயர வரைபடத்திலிருந்து மலையின் வடிவத்தைக் கணிப்பொறியில் எழுப்பி, குகை இருக்க வேண்டிய புள்ளியில் நின்று, ஆயிரக்கணக்கான திசைகளில் கேட்க வேண்டும்: "இந்தத் திசையில் பாறை எத்தனை மீட்டரில் முடிகிறது?" வரும் பதில்களில் மிகச் சிறியது எதுவோ, அதுதான் காவல் குறைந்த பக்கம். குகையைப் பத்து மீட்டர் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதையும் வெடி வைக்காமலே கேட்டுப் பார்க்கலாம்.

குகைக்குள் வைக்கத் திட்டமிட்ட கருவி ஓர் இரும்பு மலை. 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே 4 சென்டிமீட்டர் இடைவெளி. நீளமும் அகலமும் 16 மீட்டர். இப்படி மூன்று தொகுதிகள். இடைவெளிகளில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் சதுரமான கண்ணாடிக் கருவிகளைச் செருக வேண்டும்.

கன அளவுக் கேள்வி எவ்வளவு உதவும் என்பதை இங்கே காணலாம். வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். 16ஐ 16ஆல் பெருக்கி 0.056ஆல் பெருக்கினால் ஒரு தகடு 14.336 கன மீட்டர். 151 தகடுகளுக்குச் சுமார் 2,165 கன மீட்டர். இரும்பு கன மீட்டருக்கு 7.85 டன் என்றால் ஒரு தொகுதி ஏறத்தாழ 17,000 டன். மூன்றுக்கும் 51,000 டன். திட்டத்தில் எப்போதும் சொல்லப்படும் எடை 50,000 டன். ஒத்துவருகிறது அல்லவா? உயரத்தையும் பாருங்கள்: 151 தகடுகள் 8.456 மீட்டர், 150 இடைவெளிகள் 6 மீட்டர், ஆக 14.456 மீட்டர். அறிக்கைகளில் 14.5 என்றிருக்கும். இடைவெளி ஒன்றுக்கு 64 கண்ணாடிக் கருவிகள். 150 இடைவெளி, மூன்று தொகுதி என்றால் 28,800. நூலகம் கேட் மாதிரியிடமிருந்து வாங்கித் தரும் எண் இந்தக் கைக்கணக்கோடு பொருந்தவில்லை என்றால், எங்கோ தவறு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அந்தக் கருவியின் சோதனைக் கணக்குகளை விஞ்ஞானிகள் ஜியான்ட்-4இல்தான் செய்தார்கள். வடிவத்தைப் பிற நிரல்களும் படிக்கும்படி ஒரு பொதுக் கோப்பாக எழுதி வைத்துக்கொண்டார்கள். 28,800 கருவிகளையும் தனித்தனியே வரைவதில்லை. ஒன்றை விவரித்துவிட்டு, "இதை இங்கே வை, இங்கே வை" என்று இடங்களைச் சொன்னால் போதும். கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் போட்டாலும் எங்களிடம் ஸ்லீப்பருக்கு வரைபடம் ஒன்றுதானே! மதுரையில் 85 டன் எடையில், 11 இரும்பு அடுக்குகளோடு, இதன் சிறிய வடிவத்தைக் கட்டி 2018 முதல் இயக்கினார்கள். கணக்கு சொன்னதையும் கருவி கண்டதையும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவியது.

விரிசலும் ஆக்கிரமிப்பும்

கேட் மாதிரியை அப்படியே இயற்பியல் கணக்குக்குக் கொடுத்துவிட முடியாது. மூன்று நோய்கள் அதில் அடிக்கடி வரும்.

முதலாவது விரிசல். சுவரும் கூரையும் திரையில் ஒட்டியிருப்பது போலத் தெரியும்; உள்ளே பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அறுந்த வேலி என்றேனே, அதுதான். துகள் அந்த வழியாக நழுவி, எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லாத இடத்தில் விழும். அதைக் "காணாமற்போன துகள்" என்பார்கள். கணக்குத் தவறும், அல்லது நின்றுவிடும்.

இரண்டாவது ஆக்கிரமிப்பு. இரண்டு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று சிறிது புகுந்திருக்கும். எங்கள் எல்லையூரில் வளர்ந்தவனுக்கு இரண்டையும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு மாநிலத்தின் எல்லைக்கற்களும் ஒன்றையொன்று தொடாமல் நின்றால், நடுவில் உள்ள நிலத்துக்கு வரி வாங்க ஆளில்லை. இரண்டும் ஒன்றையொன்று தாண்டி நின்றால் இருவரும் வரி கேட்பார்கள். ஆகவே எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் நூலகத்தைக் கொண்டு கேட்க வேண்டியவை: ஒவ்வொரு பொருளும் முழுதாக மூடியிருக்கிறதா? எந்த இரண்டு பொருளாவது ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கிறதா?

மூன்றாவது, வளைவைத் தட்டையாக்குவது. வேகத்துக்காக வளைந்த பரப்புகளைச் சிறு முக்கோணங்களாக நறுக்குவார்கள். ஒரு மீட்டர் ஆரமுள்ள குழாயைப் பன்னிரண்டு பக்கமுள்ள வடிவமாக்கினால், வட்டத்துக்குள் விழும் பரப்பு 4.5 சதவீதம் குறைந்துவிடும். நடுவே 34 மில்லிமீட்டர் உள்வாங்கும். 36 பக்கமாக்கினால் குறைவு அரை சதவீதம், உள்வாங்கல் 4 மில்லிமீட்டருக்குள். நூறு பக்கமாக்கினால் அரை மில்லிமீட்டருக்குள். பக்கம் கூடக் கூடத் துல்லியம் கூடும்; நேரமும் கூடும். எவ்வளவு போதும் என்பதைக் கணிப்பொறி சொல்லாது. அதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டோர் கதை என்ன ஆயிற்று?

அன்று இரவே பையனோடு உட்கார்ந்தேன். பைத்தானில் ஐந்தாறு வரிகள். ஸ்டோரின் ஸ்டெப் கோப்பைத் திறந்து, உள்ளே உள்ள காற்றின் கன அளவைக் கேட்டோம். பதில் 31.2 கன மீட்டர் என்று வந்தது.

அறையின் உள் நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 3. பெருக்கினால் 60. பாதிக் காற்று எங்கே போயிற்று? பையன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். ஏலக்காய் பரப்பும் தட்டுகளின் அடுக்கு இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். கம்பிவலைத் தட்டுகளை ஒவ்வொன்றாக வரையச் சோம்பி, அடுக்கு முழுவதையும் ஒரு கனமான பெட்டியாக வரைந்துவிட்டான். ஒரு பெட்டி 14.4, இரண்டும் 28.8. அறுபதில் கழித்தால் மீதி 31.2. கணிப்பொறி சரியாகத்தான் கணக்குப் போட்டது. ஆனால் அதற்குத் தெரிந்த ஸ்டோரில் கம்பிவலையே இல்லை. இரண்டு பெரிய கட்டைகள்தான் இருந்தன.

மணிக்கு இத்தனை முறை அறைக் காற்று மாற வேண்டும் என்ற விதியைக் கொண்டு விசிறியின் அளவைத் தேர்ந்திருந்தான். காற்று பாதி என்றதும் விசிறியும் பாதியாயிற்று. பச்சை ஏலக்காயில் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அந்த ஈரத்தை விசிறி வெளியேற்றாவிட்டால் காயின் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏலத்தில் விலை போய்விடும். ஒரு பருவத்துக் காய் முழுவதும், மேலே கடனும் என்றால் என் தம்பி குடும்பம் என்ன ஆகியிருக்கும்?

தம்பி நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "சரி விடு, இப்பவாவது தெரிஞ்சுதே. திருப்பி வரை" என்றான். திட்டாமல் விட்டானே என்று எனக்கு நிம்மதி. நான் தகரக் குழாயைப் பிய்த்த நாளில் என் மேலதிகாரியும் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னார். பையன் நான்கு நாள் உட்கார்ந்து தட்டுகளை முறையாக வரைந்தான். பழைய விசிறியே தகுதியானது என்று தெரிந்தது. கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

கேட்காத கேள்வி

நூலகம் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மாதிரியில் வரைந்ததைப் பற்றித்தான் சொல்லும். என் கூரையின் தகரக் குழாய் படத்தில் இல்லை. பையனின் கம்பிவலை படத்தில் இல்லை. அந்த மலையின் கதையும் இதுதான் என்று தோன்றுகிறது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் நீருக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று மக்கள் கேட்டார்கள். கேரளப் பக்கம் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கிருந்து பெரியாறு வரை புலிகள் நடமாடும் வழி. வழக்குகள் நடந்தன. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பாறை எத்தனை மீட்டர் என்பதற்கு மாதிரி துல்லியமாகப் பதில் சொல்லும். புலி எந்த வழியாக நடக்கும், அடிவாரத்து விவசாயி எதற்கு அஞ்சுகிறார் என்பதையெல்லாம் யாரும் அதில் வரைந்திருக்க மாட்டார்கள். அவற்றை மலையடிவாரத்துக்குப் போய் மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எனவே பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தை. வண்ணப் படத்தைப் பார்த்து மயங்காமல், கன அளவு, எடை, இடைவெளி என்று எண்களாகக் கேளுங்கள். வரும் விடையைக் கைக்கணக்கோடு ஒரு முறை ஒப்பிடுங்கள். அலகு மில்லிமீட்டரா மீட்டரா என்பதையும் பாருங்கள். பிறகு எழுந்து போய், வரைந்த பொருளை நேரில் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை கணிப்பொறியில் போட்டுவிட்டான் என்றால் பெருமைப்படுங்கள், பணம் கட்டும் முன், "உள்ளே எவ்வளவு காற்று இருக்கு?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். புரியாத துறை என்று ஒதுங்க வேண்டாம். வீட்டு அறையின் நீள அகலம் தெரிந்தவர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

ஊரிலிருந்து திரும்பும் நாளில் பையன் பேருந்து நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கி வந்தான். தம்பி கொடுத்தனுப்பிய அரைக் கிலோ ஏலக்காய் பைக்குள் இருந்தது, நல்ல பச்சை நிறத்தில்.